கஞ்சித் தொட்டியும் சம்பளக் கவரும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 1929-க்குப் பிந்தைய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ திட்டங்களையும், அதே காலத்தில் நம் தென்னாப்பிரிக்காவில் நடந்ததையும் விளக்கச் சொல்லி டர்பனிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: நியூ டீல் என்பது ஒரே சட்டமா? ஊரே பட்டினி கிடந்தபோது ரூஸ்வெல்ட் முதலில் பேங்குகளைக் கவனித்தது ஏன்? – வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: ஒரே சட்டம் அல்ல. ஐந்தாறு ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட சட்டங்களுக்கு மொத்தமாக வைத்த பெயர். சில பலித்தன, சிலவற்றை நீதிமன்றமே தூக்கி எறிந்தது, சிலவற்றை அரசே பாதியில் கைவிட்டது.

1933 மார்ச் 4-ல் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது அங்கே உழைப்பாளிகளில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் பேர். பேங்குகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. நூறு பேர் போட்ட பணத்தில் பெரும்பகுதியைப் பேங்க் கடனாகக் கொடுத்திருக்கும். நூறு பேரும் ஒரே காலையில் வாசலில் வந்து நின்றால் நல்ல பேங்கும் படுத்துவிடும். சீட்டுப் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேங்க் படுத்தால் கடைக்காரருக்குச் சரக்கெடுக்கப் பணம் கிடைக்காது, ஆலைக்காரருக்குச் சம்பளம் போடப் பணம் கிடைக்காது. அந்த நிலையில் கஞ்சித் தொட்டி எத்தனை திறந்தாலும் வரிசைதான் நீளும்.

மார்ச் 6-ல் நாட்டிலுள்ள எல்லாப் பேங்குகளையும் மூடச் சொன்னார். 9-ஆம் தேதி ஒரே நாளில் சட்டம் நிறைவேறியது. கணக்கைப் பார்த்து, தேறும் பேங்குக்கு மட்டும் உரிமம் தந்தார்கள். 12-ஆம் தேதி ஞாயிறு இரவு வானொலியில் மக்களுக்கு எளிய சொற்களில் விளக்கினார். மறுநாள் பேங்குகள் திறந்தபோது பணம் எடுக்க வந்த கூட்டத்தைவிடப் போட வந்த கூட்டம்தான் அதிகம். அதே ஆண்டு ஜூனில் வந்த பேங்கிங் சட்டம் சேமிப்புக்குக் காப்புறுதி கொண்டுவந்தது. 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரை காப்பு. ஆறே மாதத்தில் அது 5,000 ஆனது.

நம் நாட்டில் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது 2024 ஏப்ரலில்தான். 90 ஆண்டுத் தாமதம்! இங்கே அந்த அமைப்பைச் சுருக்கமாகக் ‘கோடி’ என்கிறார்கள். பெயர்தான் கோடி, காப்பு லட்சம்: ஒரு பேங்கில் ஒருவருக்கு 1,00,000 ராண்ட் வரை. ஒரே பேங்கில் சேமிப்பு 70,000-மும் நிரந்தர வைப்பு 60,000-மும் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். 30,000 காப்புக்கு வெளியே நிற்கும். அதே பணத்தை இரண்டு பேங்கில் பிரித்துப் போட்டால் முழுவதும் காப்புக்குள் வரும். யூனிட் டிரஸ்ட் போன்ற முதலீடுகளுக்கு இந்தக் காப்பு இல்லை. பேங்க் கவுன்டரில் விற்றார்கள் என்பதாலேயே அது பேங்க் டெபாசிட் ஆகிவிடாது.

கேள்வி: கையில் பணம் கொடுப்பதா, வேலை கொடுத்துக் கூலியாகக் கொடுப்பதா? எது செலவு குறைவு, எது வேகம்? – வாசகர், டொங்காட்

பதில்: செலவு குறைவு பணம்தான். வேலை என்றால் மண்வெட்டி வேண்டும், மேஸ்திரி வேண்டும், சிமெண்ட், லாரி, கணக்குப்பிள்ளை எல்லாம் வேண்டும். இருந்தும் நிவாரணப் பொறுப்பிலிருந்த ஹாரி ஹாப்கின்ஸ் வேலையின் பக்கம்தான் நின்றார். காரணம், பணம் கொடுக்கும் முறையை அவர் அருகிலிருந்து பார்த்திருந்தார்.

1933 மே மாதம் 50 கோடி டாலருடன் அவசர நிவாரண நிர்வாகம் தொடங்கியது. அதில் பாதி, மாநிலம் மூன்று டாலர் செலவிட்டால் மத்திய அரசு ஒரு டாலர் தரும் கணக்கு. மீதிப் பாதி ஏழை மாநிலங்களின் தேவையைப் பார்த்துத் தருவது. பணம் கைக்கு வருமுன் ஒரு விசாரணையாளர் வீட்டுக்கு வருவார். எத்தனை தலை, என்ன வாடகை, அடுப்பங்கரையில் என்ன மிச்சம் என்று எழுதிக்கொள்வார். குடும்பத்தின் தேவையிலிருந்து வருமானத்தைக் கழித்து, துண்டு விழும் தொகையை மட்டும் தருவார்கள். பல இடங்களில் அதுவும் பணமாக வராது, மளிகைக் கடைச் சீட்டாக வரும். நேற்றுவரை தன் காலில் நின்ற மனிதனுக்கு இந்த விசாரணை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஹாப்கின்ஸ் வேறு வழி பிடித்தார். 1933 நவம்பரில் தொடங்கிய சி.டபிள்யூ.ஏ. என்ற வேலைத் திட்டம், ஜனவரி நடுவில் 40 லட்சம் பேருக்கு மேல் வேலை கொடுத்திருந்தது. இரண்டே மாதம். எப்படி முடிந்தது? ஒன்று, இடையில் கான்ட்ராக்டர் கிடையாது. மத்திய அரசே நேரடியாகக் கூலி கொடுத்தது. இரண்டு, ஏற்கெனவே நிவாரணப் பட்டியலில் இருந்த 20 லட்சம் பேரை அப்படியே மாற்றினார்கள். மீதிப் பேரை வீட்டு விசாரணை இல்லாமல், வேலை இல்லை என்ற ஒரே தகுதியில் எடுத்தார்கள். மூன்று, காசோலை எழுதப் புது அலுவலகம் திறக்கவில்லை. நாடு முழுக்கக் கிளை வைத்து முன்னாள் படைவீரர்களுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த துறையின் ஏற்பாட்டையே கடன் வாங்கினார்கள். நான்கு, வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்: பள்ளிக்கூட ரிப்பேர், சாலைப் பள்ளம், சாக்கடை. மண்வெட்டியும் கையும் இருந்தால் திங்கட்கிழமையே தொடங்கலாம். தனித் திறமை தேவைப்படாத வேலைக்குத் தெற்கே மணிக்கு 40 சென்ட், வடக்கே 50 சென்ட்; வாரம் 30 மணி நேரம். மாதத்துக்கு 20 கோடி டாலர் கரைந்ததும் அரசு பயந்துபோய் 1934 வசந்தத்தில் மூடிவிட்டது.

இதற்கு நேர்மாறு பி.டபிள்யூ.ஏ. என்ற பொதுப்பணி நிர்வாகம். கையில் 330 கோடி டாலர். அணை, பாலம், பெரிய மருத்துவமனை எல்லாம் அவர்கள் கட்டியவை இன்றும் நிற்கின்றன. ஆனால் நிலம் வாங்க வேண்டும், வரைபடம் வேண்டும், டெண்டர் விட வேண்டும். பொறுப்பிலிருந்த ஹெரால்ட் இக்கஸ் ஒவ்வொரு தாளையும் தானே பார்ப்பவர். ஊழல் குறைந்தது, வேகமும் குறைந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி எஃகுக்கும் சிமெண்டுக்கும் போய்விடும். களத்தில் நிற்பவன் கைக்கு வருவது சிறு பங்கு. அவசரத்துக்கு இது உதவாது, பத்தாண்டுக்கு உதவும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது நல்லது என்று கேட்பவர்கள் வேறு வேறு நோய்க்கு ஒரே மருந்து தேடுகிறார்கள்.

1935-ல் வந்த டபிள்யூ.பி.ஏ. என்ற அடுத்த வேலைத் திட்டம், மூடப்பட்ட 1943-க்குள் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இடம். சம்பளம் ஊரையும் திறமையையும் பொறுத்து மாதம் 19 முதல் 94 டாலர் வரை. இதில் ஒரு சிக்கல் முளைத்தது, ஆள் வைத்து வேலை வாங்கியவர்களுக்குத்தான் அது புரியும். மாதச் சம்பளம் முன்பே நிர்ணயித்த தொகை. ஆனால் மணிக் கூலி வெளிச்சந்தைக் கூலிக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று 1936-ல் விதி மாறியது. கொத்தனாருக்கு மணிக்கூலி அதிகம், ஆகவே சில நாளிலேயே அவர் மாதக் கணக்கு முடிந்துவிடும். சித்தாளுக்கு இன்னும் பல நாள் பாக்கி இருக்கும். கலவை குழைத்து வைத்துக்கொண்டு சித்தாட்கள் நிற்பார்கள், சுவர் எழுப்பக் கொத்தனார் இருக்க மாட்டார். 1939-ல் எல்லோருக்கும் மாதம் 130 மணி நேரம் என்று பொதுவாக்கிய பிறகே இது தீர்ந்தது. வேலைப் பட்டியல் உள்ளூர் அரசியல்வாதிகளின் கைக்குப் போவதும் நடந்தது. அந்தப் புகார்கள் முற்றித்தான் அரசு ஊழியர் தேர்தல் வேலையில் இறங்கக் கூடாது என்ற ஹாட்ச் சட்டம் 1939-ல் வந்தது. நம் ஊரில் 2004 முதல் நடக்கும் ஈ.பி.டபிள்யூ.பி. என்ற அரசுப் பொதுப்பணித் திட்ட வேலைகளைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் குறையும் இதே ரகம்தான்: கூலி எவ்வளவு என்பதைவிடப் பட்டியலை யார் எழுதுகிறார் என்பதில்தான் சண்டை வரும்.

கேள்வி: இளைஞர்களைக் காட்டுக்கு அனுப்பி மரம் நடச் செய்தார்களாமே? – வாசகி, வெருலம்

பதில்: ஆமாம், சி.சி.சி. என்ற திட்டம். 18 முதல் 25 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத ஆண்கள். முகாமுக்கு ஏறக்குறைய 200 பேர். சாப்பாடு, உடை, படுக்கை முகாமில். மாதம் 30 டாலர் கூலியில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும், பையன் கையில் 5 டாலர். அம்மா கைக்குப் பணம் போகும்படி செய்ததுதான் இத்திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் என்பது எங்கள் கருத்து. ஒன்பது ஆண்டில் 30 லட்சம் பேர் சேர்ந்தார்கள். நட்ட மரங்கள் 300 கோடி. பெண்களுக்கு இதில் இடமில்லை. கறுப்பின இளைஞர்களைத் தனி முகாமில் வைத்தார்கள்.

கேள்வி: சனங்கள் பசியோடு இருக்கும்போது பன்றிகளைக் கொன்றார்கள், பருத்தியை உழுது அழித்தார்கள் என்று படித்தேன். கரும்பு போடுகிற எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. – வாசகர், ஸ்டாங்கர்

பதில்: அப்போதே பலருக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். விலை விழுந்தால் ஆலைக்காரர் உற்பத்தியைக் குறைப்பார். விவசாயி குறைக்க மாட்டார். கடன் தவணை கட்ட வேண்டுமே, ஆகவே இன்னும் இரண்டு ஏக்கர் கூடுதலாகப் போடுவார். எல்லோரும் அப்படிச் செய்தால் விலை இன்னும் விழும். இந்தச் சுழலை அறுக்க 1933 மே மாதச் சட்டம் விவசாயிக்குப் பயிரிடாமல் விட்டதற்குப் பணம் தந்தது. அந்தப் பணத்தை மாவு ஆலை, பஞ்சாலை போன்ற பதப்படுத்துவோர் மீது போட்ட வரியிலிருந்து எடுத்தார்கள். 1909-14 காலத்தில் ஒரு மூட்டை தானியம் விற்றால் எவ்வளவு சரக்கு வாங்க முடிந்ததோ, அந்த வாங்கும் சக்திக்கு விலையைக் கொண்டுவருவது இலக்கு.

கோளாறு எங்கே வந்தது என்றால் நேரத்தில். சட்டம் வந்தபோது பருத்தி முளைத்து நின்றது, பன்றி குட்டி போட்டிருந்தது. அதனால் அந்த ஒரு ஆண்டு மட்டும் ஏறக்குறைய 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது மடித்தார்கள். செடி வரிசையை மிதிக்காதே என்று பழக்கிய கோவேறு கழுதைகள் செடிமேல் நடக்க மறுத்துச் சண்டித்தனம் செய்தன. 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றார்கள். ஒரு பகுதி இறைச்சி நிவாரணத்துக்குப் போனது. ஆனால் பெரும்பாலானவை சின்னக் குட்டிகள், பெரிய பன்றிக்காகச் செய்த எந்திரத்தில் அவற்றைப் பதப்படுத்த முடியாது. அவை உரத்துக்குப் போயின. நாடெங்கும் எழுந்த கூச்சலுக்குப் பிறகு, மிகுதியாகும் விளைபொருளை அரசே வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்கத் தனி நிறுவனம் வைத்தார்கள்.

பன்றியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எங்கள் பார்வையில் பெரிய தவறு வேறு. தெற்கே பருத்தி போட்டவர்களில் பெரும் பகுதியினர் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடும் நிலமில்லாத வாரக்குத்தகைக்காரர்கள், கறுப்பரும் வெள்ளையரும். ஒப்பந்தம் நிலச் சொந்தக்காரரோடுதான். 1934-35 பருத்தி ஒப்பந்தத்தில் விட்டுவைத்த நிலத்துக்குப் பஞ்சு எடையில் பவுண்டுக்கு நாலரை சென்ட் என்றால் அதில் வாரத்துக்குப் பயிரிட்டவருக்குச் சேர வேண்டியது அரை சென்ட். அதுவும் சொந்தக்காரர் கை வழியாகத்தான் வரும். பழைய கடனில் கழித்துக்கொண்டேன் என்பார். மூன்றில் ஒரு பங்கு நிலத்தைச் சும்மா போட்டால் மூன்றில் ஒரு குத்தகைக்காரர் தேவையில்லை என்று ஆளையே வெளியேற்றினார்கள். அர்கான்சா மாநிலத்தில் டைரோன்சா என்ற ஊரில் 1934 ஜூலையில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குத்தகைக்காரர் சங்கம் தொடங்கியது இதனால்தான். 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரி செல்லாது என்றது. 1938-ல் வேறு வடிவில் சட்டம் திரும்பி வந்தது.

கரும்புக்கு வந்தால், 1936-ல் இங்கே வந்த சர்க்கரைச் சட்டமும் இவ்வளவுதான் விளைக்கலாம் என்று கோட்டா வைத்ததுதான். கோட்டா என்பது பயிரிடாமல் இருக்கப் பணம் தரும் முறைக்குச் சித்தப்பா பிள்ளை. விலை நிற்கும், ஆனால் முதல் நாள் யார் கையில் எவ்வளவு நிலம் இருந்ததோ அதையே கல்லில் எழுதிவிடும்.

கேள்வி: வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்களை அங்கே அரசு காப்பாற்றியதாமே, எப்படி? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கடனைத் தள்ளுபடி செய்யவில்லை, மாற்றி எழுதினார்கள். அந்தக் காலத்து அமெரிக்க வீட்டுக் கடன் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தாண்டுக் கடன். அதுவரை வட்டி மட்டும் கட்டி, முடிவில் அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அல்லது புதுக் கடன் எழுத வேண்டும். பேங்க் படுத்துவிட்டால் புதுக் கடன் யார் தருவார்? வேலையில் இருந்து ஒழுங்காக வட்டி கட்டியவர்கள்கூட வீட்டை இழந்தது இப்படித்தான்.

1933 ஜூனில் தொடங்கிய எச்.ஓ.எல்.சி. என்ற நிறுவனம் முன்பு கடன் கொடுத்தவரிடமிருந்து கடன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அரசு பாண்டு கொடுத்தது. வராக்கடனை வைத்துக்கொண்டு தவிப்பதற்குப் பாண்டு மேல் என்று அவர்களும் சம்மதித்தார்கள். வீட்டுக்காரருக்கு 5 விழுக்காடு வட்டி, 15 ஆண்டு, மாதாமாதம் அசலும் வட்டியும் சேர்ந்த தவணை. 3,000 டாலர் கடனுக்கு மாதம் 23 டாலர் 72 சென்ட் என்று கணக்கு வரும். 15-ஆம் ஆண்டு முடிவில் பாக்கி பூஜ்யம். இன்று நீங்களும் நானும் கட்டுகிற மாதத் தவணை முறை அங்கே ஊர்ப் பழக்கமானது இதன் பிறகுதான். 20,000 டாலர் மதிப்புக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் உதவி. ஏறக்குறைய 10 லட்சம் வீட்டுக்காரர்கள் பெற்றார்கள். அதில் 2 லட்சம் வீடுகள் பின்னாளில் ஏலத்துக்கே போயின என்பதையும் சொல்ல வேண்டும். வேலையே இல்லாதவருக்கு எவ்வளவு குறைந்த தவணையும் கனம்தான். 1951-ல் கணக்கை முடித்தபோது நிறுவனத்துக்குச் சிறு லாபம்கூட மிஞ்சியது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நிறுவனம் நகரங்களை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வண்ணம் பூசிய வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பின மக்கள் குடியிருந்த இடங்கள் வழக்கமாகச் சிவப்பு: கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். வரைபடத்தில் வண்ணம் பூசினால் என்ன ஆகும் என்று, இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950 சட்டத்துக்குப் பிந்தைய டர்பன்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

கேள்வி: டர்பன் மெகசின் பராக்ஸ் குடியிருப்பில் வளர்ந்த எங்கள் ஆயா, “அந்தப் பஞ்ச காலத்தில் சர்க்கார் வெள்ளைக்காரனுக்கு ரயில்வேயில் வேலை கொடுத்தது, நமக்குக் கப்பல் டிக்கெட் கொடுத்தது” என்பார். அது உண்மையா? – வாசகி, மெரேபேங்க்

பதில்: உங்கள் ஆயா இரண்டே வரியில் சரியாகச் சொல்லிவிட்டார்.

ரயில்வே பற்றி முதலில். 1924 முதலே ‘நாகரிக உழைப்பு’ என்ற பெயரில் அரசுப் பணிகளில் வெள்ளையரை நிரப்பும் கொள்கை நடந்தது. ரயில்வேயின் கூலியாட்களில் 1924-ல் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வெள்ளையர் 1933-ல் 39 விழுக்காடு ஆனார்கள். அந்த இடங்கள் புதிதாக முளைத்தவை அல்ல. கறுப்பரும் இந்தியரும் இருந்த இடங்கள். 1932-ல் கார்னகி நிதியுதவியில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்த வறுமை ஆய்வு, மூன்று லட்சம் வெள்ளையர் மிக வறியவர்கள் என்று மதிப்பிட்டது. ஆய்வு வெள்ளையரை மட்டும்தான் எண்ணியது. எண்ணாதவருக்குத் திட்டம் போட மாட்டார்கள்.

1932 டிசம்பர் கடைசியில் தென்னாப்பிரிக்கா, பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்து வைத்திருந்த தங்க நாணயத் திட்டத்தை விட்டது. பிரிட்டன் 1931 செப்டம்பரிலேயே விட்டிருந்தது. அந்தப் பதினைந்து மாதமும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்ததில் கம்பளி விற்ற விவசாயிகள் நொந்துபோனார்கள். விட்டதும் ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலை 85 ஷில்லிங்கிலிருந்து 120-க்கு மேல் ஏறியது. சுரங்க வரி கொட்டியது. அந்தப் பணத்தில் விவசாயக் கடன் உதவியும், வால்ஹார்ட்ஸ் பாசனத் திட்டம் போன்ற கால்வாய் வேலைகளும் நடந்தன. வால்ஹார்ட்ஸில் மண் வெட்டியதும், பிறகு நிலம் பெற்றதும் வேலையற்ற வெள்ளையர்கள்.

முதியோர் பென்ஷன் 1928-லேயே சட்டமானது: வெள்ளையருக்கும் கலப்பினத்தாருக்கும் மட்டும். இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் அது 1944 வரை இல்லை, கிடைத்த பிறகும் தொகை ஒன்றல்ல. பெருமந்தம் முழுக்க நம் முதியவர்கள் பிள்ளைகளையும், கோவில்களையும், 1921-ல் டர்பனில் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம் போன்ற நம்மவர் அமைப்புகளையும் நம்பித்தான் இருந்தார்கள்.

கப்பல் டிக்கெட் என்பது 1927 கேப் டவுன் ஒப்பந்தம். இந்தியாவுக்குத் திரும்பச் சம்மதிக்கும் பெரியவருக்கு 20 பவுண்டு, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 10 பவுண்டு, கப்பல் பயணம் இலவசம். ஐந்து பேர் குடும்பம், மூன்று சிறுவர்கள் என்றால் 70 பவுண்டு. கூலிக்காரர் கண்ணில் அது பெரிய தொகை. சிறு எழுத்தில் இருந்தது இது: மூன்று ஆண்டுக்குள் திரும்பி வரலாம், ஆனால் வாங்கிய தொகையையும் பயணச் செலவையும் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று ஆண்டு தாண்டினால் இங்கே குடியிருக்கும் உரிமை போச்சு. வேலை போன நேரத்தில் இதை நிவாரணம் என்று நீட்டினார்கள். போனவர்கள் பலருக்குக் கிராமம் நினைவில்கூட இல்லை, இங்கே பிறந்தவர்கள். 1932-ல் இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் சேர்ந்து விட்ட அறிக்கையே, இங்குள்ள இந்தியரில் 80 விழுக்காட்டினர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், ஆகவே இந்தத் திட்டம் ஏறக்குறைய முடிந்துபோனது என்று ஒப்புக்கொண்டது.

கேள்வி: துணி ஆலையில் ஆள் குறைப்பில் வேலை போய்விட்டது. இரண்டு வருடம்தான் வேலை செய்தேன். யு.ஐ.எஃப். எவ்வளவு கிடைக்கும்? என்ன செய்ய வேண்டும்? – வாசகி, பீனிக்ஸ்

பதில்: யு.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்புறுதி நிதியில், நாலு நாள் வேலைக்கு ஒரு நாள் உதவித்தொகை என்று கணக்கு. இரண்டு வருடம் 730 நாள். நாலால் வகுத்தால் 182 நாள். நாலு வருடம் முழுக்கக் கட்டியவருக்கு உச்ச வரம்பு 365 நாள். தொகை, சம்பளம் குறைந்தவருக்கு 60 விழுக்காட்டை நெருங்கும். மாதச் சம்பள உச்ச வரம்பான 17,712 ராண்டுக்கு 38 விழுக்காடு. நீங்கள் மாதம் 8,000 வாங்கியதாக எழுதியிருப்பதால் ஏறக்குறைய 44 விழுக்காடு. நாளொன்றுக்கு 115 ராண்ட் பக்கம். 182 நாளுக்கு மொத்தம் 21,000-க்குச் சற்றுக் குறைவாக வரும். மாதாமாதம் பிரித்துத் தருவார்கள். 238 நாளுக்கு மேல் போகிறவர்களுக்கு மீதி நாளில் 20 விழுக்காடுதான்.

வேலை போன நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் காத்திருக்காதீர்கள். அடையாள அட்டை, முதலாளி பூர்த்தி செய்த யு.ஐ.-19 படிவம், பேங்க் முத்திரையுடன் யு.ஐ.-2.8 படிவம், விண்ணப்பம், வேலை தேடுபவராகப் பதிவு. லேபர் சென்டரிலும் கொடுக்கலாம், யு-ஃபைலிங் இணையத்திலும் கொடுக்கலாம். அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தொகை வரும் காலம் முழுக்க, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று குறித்த தேதியில் கையெழுத்திட வேண்டும். ஒரு தேதி தவறினால் அந்த மாதப் பணம் நிற்கும்.

சிக்குவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, நீங்கள் விலகிய தேதியை முதலாளி கணினியில் ஏற்றியிருக்க மாட்டார். அதுவரை கணக்கு உங்களை வேலையில் இருப்பதாகவே காட்டும். ஆலையை விட்டு வெளியேறும் நாளிலேயே யு.ஐ.-19 நகலைக் கையில் வாங்குங்கள். இரண்டாவது, வேலை முடிந்த காரணம். ஆள் குறைப்பு என்று இருக்க வேண்டிய கட்டத்தில் தானாக விலகினார் என்று குறித்திருந்தால் ஒரு சென்ட் வராது. “ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுங்கள், சிக்கல் இல்லாமல் முடித்துவிடலாம்” என்று யாராவது இனிமையாகச் சொன்னால் பேனாவைத் தொடாதீர்கள். மூன்றாவது நம் ஜனங்களுக்கென்றே உள்ள சிக்கல்: பெயர். அடையாள அட்டையில் அப்பா பெயர், ஆலைப் பதிவில் கணவர் பெயர், பேங்கில் முதலெழுத்து மட்டும் என்றிருந்தால் கணினி மூன்று பேர் என்றே நினைக்கும். பேங்க் கணக்கும் உங்கள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். மகன் கணக்கு எடுபடாது.

சம்பளத்தில் 1 விழுக்காடு பிடித்துவிட்டு முதலாளி கட்டவே இல்லை என்று தெரிந்தால் சம்பளச் சீட்டுகளோடு லேபர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சம்பளச் சீட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பது அதற்குத்தான். 2020 ஊரடங்கில் டெர்ஸ் என்ற தற்காலிகச் சம்பள உதவி பெரும்பாலும் முதலாளி வழியாக வந்தபோது, முதலாளி விண்ணப்பித்தாரா இல்லையா என்பதே தொழிலாளியின் தலையெழுத்தானது. அதே சமயம் 350 ராண்ட் நிவாரணம் ஆளுக்கு நேராக வந்தது. தொகை சிறிது, 2024 ஏப்ரலில்தான் 370 ஆனது. ஆனால் இடையில் யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை. யு.ஐ.எஃப். வாங்கும் காலத்தில் இதற்குத் தகுதி கிடையாது, இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

கேள்வி: இத்தனை செய்தும் பெருமந்தம் போருக்குப் பிறகுதானே தீர்ந்தது? – வாசகர், லெனேசியா

பதில்: பாதி சரி. 1933-ல் 25 விழுக்காடாக இருந்த வேலையின்மை 1937-ல் 14-க்கு இறங்கியது. உடனே, பிழைத்துவிட்டோம் என்று நினைத்து நிவாரணச் செலவைக் குறைத்தார்கள். பேங்குகள் கூடுதல் பணத்தை இருப்பில் வைக்க வேண்டும் என்று மத்திய வங்கி உத்தரவிட்டது. சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கத் தொடங்கினார்கள், மாதப் பென்ஷனோ 1940-ல்தான் வந்தது. 1938-ல் வேலையின்மை 19. காய்ச்சல் விட்ட அன்றே மருந்தை நிறுத்திய கதை. இன்னொன்று: அந்தக் கணக்கில் டபிள்யூ.பி.ஏ. போன்ற இடங்களில் கூலி வாங்கியவர்களையும் வேலையற்றவர் என்றே எண்ணினார்கள். அவர்களைக் கழித்தால் எண் நிறையவே இறங்கும். மீதியைப் போர் உற்பத்தி தீர்த்தது என்பதில் சந்தேகமில்லை.

கேள்வி: எங்கள் கோவில் சங்கம் மாதாமாதம் மளிகைப் பை கொடுக்கிறது. பாதிப் பேருக்குத் தேவையில்லாத சாமான் போகிறது. பழைய திட்டங்களில் இதற்கு வழி உண்டா? – வாசகர், ஐசிபிங்கோ

பதில்: உண்டு. 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் தொடங்கிய உணவு முத்திரைத் திட்டம். நிவாரணத்தில் இருப்பவர் ஒரு டாலர் கொடுத்து ஆரஞ்சு நிற முத்திரை வாங்கினால் 50 சென்ட் மதிப்புள்ள நீல முத்திரை இலவசம். ஆரஞ்சுக்கு எந்த உணவும் வாங்கலாம். நீலத்துக்கு அந்த மாதம் மிகுதியாக இருந்த பொருள் மட்டும்: வெண்ணெய், முட்டை, மாவு, பீன்ஸ், ஆரஞ்சுப் பழம் போன்றவை. எல்லாம் வழக்கமான மளிகைக் கடையில்; தனிக் கிடங்கும் தனி வரிசையும் இல்லை. குறை என்னவென்றால், கையில் அந்த ஒரு டாலரும் இல்லாத பரம ஏழைக்கு முத்திரை எட்டவில்லை.

அந்த ஆரஞ்சுப் பகுதியை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் பேசி, எண்ணிட்ட சீட்டு அச்சடியுங்கள். 300 ராண்ட் உதவியை ஒரே சீட்டாகத் தராமல் 50 ராண்ட் வீதம் ஆறாக. அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, பால், சோப்பு என்று பட்டியலைச் சீட்டின் பின்பக்கமே அச்சடித்தால் கவுன்டரில் வாக்குவாதம் வராது. மாதம் முடியும் தேதியும் சங்க முத்திரையும் இருக்கட்டும். மீதிச் சில்லறை தரக் கூடாது என்று கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். தந்தால் சீட்டு சிகரெட்டாக மாறும். சங்கத்தில் சீட்டு கொடுப்பவர் ஒருவர், கடைக்காரர் திருப்பித் தரும் சீட்டை எண்ணிப் பணம் கொடுப்பவர் வேறொருவர் என்று வையுங்கள்.